வலது பக்க ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்குப் பாட்டுக் கேட்கத் தெரியும், பேச்சுக் கேட்கத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்களுடையது காருக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை. முன்னால் ஒரு கண்ணாடி மேஜை, பின்னால் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட். செட், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் அவர் பொறுப்பு. மேஜை என் பொறுப்பு. வருகிறவர்கள் பழைய சிடியைக் கொண்டுவருவார்கள், போனைக் கொண்டுவருவார்கள், எதிலோ எப்போதோ இறக்கி வைத்த பாட்டுகளைக் கொண்டுவருவார்கள். அதையெல்லாம் வாங்கி ஒரு பென் டிரைவில் ஒழுங்காக அடுக்கிக் கொடுப்பேன். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். பழைய செட்டுக்குப் பெரிய பென் டிரைவைக் கண்டாலே ஆகாது. பாட்டின் பெயருக்கு முன்னால் எண் போடாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் பாடும். வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டைத் தேடுகிறவன் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முன்னால் போகிற வண்டியின் முதுகில்தான் போய் நிற்பான். அதனால் பட்டனைத் தொடவே வேண்டாத மாதிரி அடுக்கிக் கொடுப்பது என் கொள்கை.

அவருடைய பெருமை வேறு. செட் மாட்டி முடித்ததும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்வார். எப்போதும் ஒரே பாட்டு, அதில் முதல் இருபது விநாடி. ஓட்டுகிறவர் வலது பக்கக் கதவை ஒட்டி உட்காருவதால் வலது ஸ்பீக்கர்தான் காதில் முந்திக்கொண்டு வரும். அதைச் சமாளிக்க, சத்தத்தை இடது பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும். "பாடறவங்க ஸ்டியரிங்குக்கு நேரா உக்காந்து நமக்காகப் பாடணும். பக்கத்து வீட்டுக்குப் பாடற மாதிரி இருக்கக் கூடாது" என்பார். சரியான இடம் வந்ததும் ஒரு சின்னச் சீட்டில் 'இ 3' என்று எழுதுவார். இடது மூன்று என்று அர்த்தம். அதற்குக் கீழே 'கேட்டவர்' என்று எழுதி ஒரு கையெழுத்து. சீட்டை டாஷ்போர்டு டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு, அதே எண்ணைத் தேதி போட்டு ஒரு நீள நோட்டிலும் எழுதிக்கொள்வார். செட் மாட்ட ஊரில் ஆயிரம் பேர் இருந்தும் எங்களிடம் வந்தார்கள் என்றால் அந்தச் சீட்டுக்காகத்தான். அவருக்குப் பெயரே காது மாஸ்டர் என்று ஆகிவிட்டது.

எம்பி த்ரீ என்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது பாட்டா? பிழிஞ்ச சக்கை. சாறு எல்லாம் சிடியில நின்னுபோச்சு." ப்ளூடூத் என்றால் இன்னும் மோசம். "சக்கையைத் தூக்கிக் காத்துல வீசிப் பிடிக்கறது." எனக்குக் கோபம் வரும். ஜன்னல் திறந்திருக்கிறது, பக்கத்தில் லாரி ஹார்ன் அடிக்கிறது, டயர் சத்தம், ஏசி சத்தம், இதற்கு நடுவில் சாறாவது சக்கையாவது? ஒருமுறை அவரை மடக்கிவிட வேண்டும் என்று ஒரே பாட்டை மூன்று விதமாகப் பென் டிரைவில் போட்டேன். சிடியில் இருந்தபடியே ஒன்று, நன்றாகச் சுருக்கிய எம்பி த்ரீ ஒன்று, போனில் ஊரெல்லாம் சுற்றி வந்த நைந்துபோன பிரதி ஒன்று. மாற்றி மாற்றிப் பத்து முறை போட்டுக் காட்டினேன். பத்தும் சரியாகச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினேன். ஆனால் அன்றைக்கு முழுக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னதும் நான்தான்.

அது பல வருஷத்துக்கு முந்தைய கதை. கடைசி இரண்டு வருஷமாகத்தான் வீட்டில் மனிதர் கல்லாகிவிட்டார். மோட்டாரை நிறுத்துங்கள் என்று கத்துவேன், தொட்டி வழிந்து மாடிப்படி எல்லாம் தண்ணீராக ஓடும். சாப்பிடும்போது ஏதாவது கேட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பார். "நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறதே இல்ல", "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறீங்க", "ஊருக்கெல்லாம் காது மாஸ்டர், எனக்கு மட்டும் செவிட்டு மாஸ்டர்." எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் காரில் ஏறிவிட்டால் தங்கமான மனிதர். நான் வாய்க்குள் முணுமுணுப்பதற்குக் கூடப் பதில் வரும். சிரிப்பார், கிண்டல் செய்வார், என் தங்கையைப் பற்றி நான் சொல்கிற புகாரை முழுசாகக் கேட்பார். "கார்ல ஏறினாத்தான் நான் உங்களுக்குப் பொண்டாட்டியா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்புதான்.

இப்படி இருக்கும்போதுதான் நர்சம்மா வந்தாள். படுக்கையில் இருக்கிற நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிற வேலை. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது வீடு. சின்ன கார், பின் சீட் முழுக்கப் பஞ்சும் மருந்துப் பெட்டியும்.

"அண்ணே, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம்தான் எனக்குன்னு இருக்கு. அந்தப் பத்து நிமிஷம் நல்லா கேக்கணும். போன்ல ப்ளூடூத் போட்டா பாட்டு நடுவுல போன் வந்துடுது. என்ன வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"சிடி" என்றார் அவர், வேறு பேச்சுக்கே இடமில்லை என்பதுபோல.

"சிடியா? குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல அது விக்கி விக்கிப் பாடும்" என்றேன். "தவிர, இப்போ வர்ற செட்ல சிடி போடற வாயே கிடையாது."

"அப்போ சுருக்காத ஃபைல். அப்படியே பென் டிரைவ்ல."

"இருநூறு பாட்டுல ரொம்பிடும். அவங்க செட் அதைப் படிக்குமான்னு முதல்ல பாருங்க."

"படிக்கற செட்டா மாட்டறேன்."

"எதுக்கு? அவங்க ஓட்டறது ஆம்புலன்ஸ் போற ரோட்டுல."

நர்சம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணுதான் வேணும். பாடறதுக்கு முன்னாடி அவங்க மூச்சு எடுப்பாங்க இல்ல, அது கேக்கணும். நான் நாள் முழுக்க மூச்சு எண்ணறவ. இது சும்மா கேக்கற மூச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பத்துக்குப் பத்து வாங்கிய அன்றைக்குக் கூட அப்படிப் பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தோம். அவளுக்கு மிகவும் பிடித்த நாற்பது பாட்டு சுருக்காமல், மற்றதெல்லாம் நன்றாகச் சுருக்கிய எம்பி த்ரீயாக, எல்லாம் பென் டிரைவில். போனைச் செட்டோடு இணைத்தாலும் பேசுவதற்கு மட்டும்தான், பாட்டு அதில் வராது. போன் வந்தால் பாட்டு நின்று, பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டு, ஏழு நிமிஷத்துக்கு ஒரு ஃபோல்டர், பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று அடுக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செட்டும் ஸ்பீக்கரும் மாட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. "இந்தக் கம்பெனியும் ரைட் ஸ்பீக்கரைச் சரியா செய்யல. வர வர எவனும் ஒழுங்கா செய்யறதில்ல" என்றார். அது மூன்றாவது கம்பெனி. இரண்டு கம்பெனியின் ஸ்பீக்கரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தோம். சீட்டு எழுதி ஒட்டினார். நர்சம்மா நன்றி சொல்லிப் போனாள்.

ஒரு வாரம் கழித்து அவர் ஒயர் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவள் வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாட்டு ஒரு பக்கமா இழுக்குது."

"காத்து குறைஞ்ச டயர் மாதிரியா?" என்று சிரித்தேன்.

"அதேதான். பாடறவங்க ஜன்னலுக்கு வெளியில உக்காந்திருக்காங்க."

எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்று சொல்லித் திரிகிற நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கதவை அடைத்தேன். பெரிய ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. பாட்டுப் பாடுகிற அம்மாளின் குரல் வலது பக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டு டப்பாவைத் திறந்து சீட்டைப் பார்த்தேன். 'வ 4.' இடது பக்கம் தள்ள வேண்டியதை வலது பக்கம் தள்ளியிருந்தார். நான் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி இடது மூன்றுக்குக் கொண்டுவந்ததும் குரல் ஸ்டியரிங்குக்கு நேராக வந்து உட்கார்ந்தது.

"ஸ்பீக்கர் கோளாறும்மா. இது மூணாவது கம்பெனி. எல்லாத்துலயும் ரைட் ஸ்பீக்கர்தான் வீக்காம்" என்றேன்.

நர்சம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏன் அக்கா, ஸ்பீக்கர் வர்ற அட்டை டப்பாவுல ரைட்டு லெஃப்டுன்னு தனித்தனியா போட்டா வருது?"

டப்பாவில் இரண்டு ஸ்பீக்கர் இருக்கும், இரண்டும் ஒன்றேதான். நாம் எந்தக் கதவில் திருகுகிறோமோ அப்போதுதான் அது இடது, வலது. பதினெட்டு வருஷமாக அந்த டப்பாக்களைப் பிரித்துக் கொடுத்தது நான். அது அவருக்குத் தெரியாதா?

அவள் போனபிறகு நீள நோட்டை எடுத்தேன். பழைய பக்கங்களில் இ 3, இ 3, இ 4, இ 3. இரண்டு வருஷத்துக்கு முன் இ 2. பிறகு இ 1. ஒரு மழைக்காலம் முழுக்கப் பூஜ்யம். அதற்கப்புறம் வ 1, வ 2, போன வாரம் வ 4. கார் வேறு, செட் வேறு, ஸ்பீக்கர் வேறு. மாறாமல் எல்லாவற்றிலும் உட்கார்ந்து கேட்டது ஒரே வலது காது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை அவரே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் நான் அவருக்கு வலது பக்கம். படுக்கையில் வலது பக்கம். காரில் மட்டும் இடது பக்கம். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். செவிட்டு மாஸ்டர் என்று சொல்லியிருக்கிறேனே, அதை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேனே என்று அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலமே என் நாற்காலியைத் தூக்கி அவருக்கு இடது பக்கம் போட்டேன். ஏன் என்று கேட்டார். ஃபேன் காற்று அங்கே வரவில்லை என்றேன். "ம்" என்றார். அந்த ஒரு "ம்" வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் காதுதான் எங்கள் கடை. அதைவிட, அந்தக் காதுதான் அவர். அதனால் திருட்டு வேலை செய்தேன். ஒவ்வொரு காரும் கிளம்பும்போது "பென் டிரைவ் ஒழுங்கா பாடுதான்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்று டிரைவர் சீட்டில் ஏறுவேன். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் குரலை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்குவேன். ஏழு வாரம் அப்படி ஓடியது. எல்லாவற்றையும் யோசித்தவள் சீட்டை யோசிக்கவில்லை. அவர் ஒட்டிய சீட்டு அவர் ஒட்டியபடியே இருந்தது.

ஒரு டாக்ஸிக்காரர் ஒயர் தளர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தார். இவர் காருக்குள் குனிந்து, ஏதோ எடுக்க டாஷ்போர்டு டப்பாவைத் திறந்திருக்கிறார். சீட்டில் வ 5. செட்டின் திரையில் இடது இரண்டு. எண்ணைப் படிக்கக் காது வேண்டியதில்லையே.

"யாரு இதுல கை வச்சது?" என்று ஷெட்டே அதிரக் கத்தினார்.

டாக்ஸிக்காரர் திருதிருவென்று விழித்தார். "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பினேன்.

"நான்தான்" என்றேன்.

"நீயா? உனக்குத்தான் எல்லாப் பாட்டும் ஒண்ணாச்சே! பதினெட்டு வருஷமா நான் கேட்டுக் கேட்டு வச்சதை, நீ விரலை விட்டு நோண்டுவியா? என் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

"பாட்டு எனக்கு ஒண்ணுதான். ஆனா எனக்கு ரெண்டு காதும் கேக்குது."

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. ஏழு வாரம் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படியா போட்டு உடைப்பேன்? அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டாக்ஸியின் சீட்டில் உட்கார்ந்தார், கால் இரண்டும் வெளியே.

"நம்ம கார்ல லெஃப்ட் ஸ்பீக்கரைக் கழட்டி ரைட்ல மாட்டிப் பாத்தேன்" என்றார்.

"எப்போ?"

"போன வருஷம்."

"அப்புறம்?"

"அப்பவும் ரைட்தான் வீக்கா இருந்துச்சு."

நான் அவருக்கு இடது பக்கமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "அப்போ உங்களுக்குத் தெரியும்."

"கதவுல ஏதோ கோளாறுன்னு வச்சுக்கிட்டேன். அப்புறம் கம்பெனி சரியில்லைன்னு வச்சுக்கிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்குரூ திருகத் தெரிஞ்சவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். நான் கேக்கலைன்னா இந்தக் கடையில என்ன இருக்கு, சொல்லு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேனே. அதையெல்லாம் கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருந்தீங்க?"

"பாதிதான் கேட்டுச்சு" என்றார். "அதுவே போதுமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் தோளில் ஒரு அடி கொடுத்தேன். டீ குடித்துவிட்டு வந்த டாக்ஸிக்காரர் வாசலிலேயே நின்று, இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார்.

டாக்டரிடம் அழைத்துப் போனது நர்சம்மாதான். வலது காதில் மேல் ஸ்தாயிச் சத்தம் எல்லாம் போய்விட்டது, போனது திரும்பாது, இடது காது நன்றாக இருக்கிறது, வலது காதுக்கு ஒரு கருவி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். போட்ட முதல் நாளே கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்ன ஆச்சு?"

"சக்கை" என்றார். "அசல் எம்பி த்ரீ. அதுவும் போன்ல ஊர் சுத்தி வந்தது."

"சக்கையானாலும் கேக்குது இல்ல? போடுங்க."

முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார். காலையில் சட்டை மாட்டும்போது மாட்டினார், மாலையில் கழற்றும்போது திட்டினார். நான் என் நாற்காலியை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

அதற்கு அடுத்த வாரம் நர்சம்மாவின் காரில் பின் சீட்டுக்கும் ஸ்பீக்கர் மாட்டினோம். பின்னால் உட்கார யாரும் இல்லை, மருந்துப் பெட்டிதான். ஆனால் இனிமேல் தன் அம்மாவையும் சில நாள் அழைத்துப் போகப் போகிறாளாம். வேலை முடிந்ததும் அவர் கை கழுவிவிட்டு வந்தார். வழக்கமாகப் போகிற வலது கதவுக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினார்.

"வா. வந்து உக்காரு" என்றார்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கதவுகளை அடைத்தோம். அதே பாட்டு, முதல் இருபது விநாடி.

"முதல்ல சத்தத்தோட தரத்தை நான் பாத்துக்கறேன், அதுக்கு ஒரு காது போதும்" என்று என்னென்னவோ திருகினார். "இப்போ பக்கம். நீ சொல்லு. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் இடது. இன்னும். ஐயையோ, ரொம்பப் போயிட்டீங்க. ஒண்ணு பின்னாடி. ஆங், அங்கதான்."

பாடுகிற அம்மாள் ஸ்டியரிங்குக்கு நேராக வந்து உட்கார்ந்து, மூச்சு எடுத்து, எனக்காகப் பாடினாள். எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்று இனி நான் யாரிடமும் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தபோது அவர் டாஷ்போர்டில் சீட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இ 3. தேதி. 'கேட்டவர்' என்று எழுதி நிறுத்தினார். பிறகு அதற்கு நேராக, 'என் வீட்டுக்காரி' என்று எழுதினார்.

என் வாய் சும்மா இருக்குமா? "வீட்டுக்காரியா? கடைக்காரின்னு எழுதுங்க" என்று முணுமுணுத்தேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் இருந்தது அவருக்கு வலது பக்கம், கருவி மாட்டிய காதுப் பக்கம். அவர் தலையைத் திருப்பவில்லை, என்ன என்று கேட்கவில்லை. பேசாமல் 'வீட்டுக்காரி'யை அடித்துவிட்டு, அதன் மேல் 'கடைக்காரி' என்று எழுதினார்.